போட்ட மூட்டை திரும்பி வந்ததா? சிறு நெல் வயலின் வளப் பயன்பாட்டைக் கணக்கிடும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடபகுதியில், கெப்பாலா பத்தாஸ், பெனாகா, தாசேக் குளுகோர் வட்டாரங்களில், அறுவடை முடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி "இந்தப் பருவம் எத்தனை டன்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. ஹெக்டருக்கு 6 டன் எடுத்தவர், 5 டன் எடுத்தவரைவிடத் தம் நிலத்தையும் பணத்தையும் நன்றாகப் பயன்படுத்தியவர் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடுதலாக வந்த அந்த ஒரு டன்னுக்காக எத்தனை மூட்டை உரம், எத்தனை தெளிப்பு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் கூலி கூடுதலாகச் சென்றது என்று தெரிந்த பிறகுதான் யார் கெட்டிக்காரர் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

இந்த வழிகாட்டி 2 ஹெக்டரைச் சுற்றிய அளவில் சொந்தமாகவோ குத்தகைக்கோ நெல் பயிரிடுவோருக்கும், வயலைப் பிறரிடம் விட்டுவிட்டு நகரத்தில் இருக்கும் நில உரிமையாளருக்கும், வேளாண் பொருளியல் படிக்கும் மாணவருக்கும் பயன்படும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே பெரிய கணிதக் கருவிகளைக் கொண்டு செய்கிறார்கள். ஒரு வயலுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு குறிப்பேடு, ஓர் அளவு நாடா, ஒரு தராசு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

திறனை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது இங்கே மிகவும் உதவும். பிரிட்டிஷ் பொருளியலாளர் ஃபாரல் 1957இல் இந்தப் பிரிவை முறையாக வகுத்தார். ஒரே அளவு விதை, உரம், தண்ணீர், உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு யார் அதிக நெல் எடுக்கிறார் என்பது தொழில்நுட்பத் திறன். இன்றைய விலைகளில் அந்த விதையும் உரமும் உழைப்பும் சரியான அளவில் வாங்கிப் போடப்பட்டனவா என்பது ஒதுக்கீட்டுத் திறன். முதலாவது கைப்பக்குவத்தைச் சார்ந்தது, இரண்டாவது கணக்கைச் சார்ந்தது. ஒருவர் ஒன்றில் சிறந்து மற்றொன்றில் கோட்டை விடலாம். அருமையாகப் பயிர் வளர்த்து, அதற்குத் தேவைக்கு மேல் செலவழித்து, கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

சிறு விவசாயிகள் ஏழைகளாக இருந்தாலும் தங்களிடம் உள்ள வளங்களைத் திறமையாகவே பயன்படுத்துகிறார்கள் என்று 1964இல் தியோடர் ஷூல்ட்ஸ் வாதிட்டார். அவருக்குப் பின்னர் 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது தலைமுறை தலைமுறையாக மாறாத முறையில், மாறாத விலையில் பயிர் செய்தவர்களைப் பற்றியது. சில பருவங்களுக்கு ஒருமுறை விதை ரகம் மாறி, களைக்கொல்லி மாறி, மண்ணின் தேவை எதுவானாலும் மானிய உரம் ஒரே கணக்கில் மூட்டையாக வந்து இறங்கும் நம் வயல்களில், அனுபவம் மாற்றத்தின் வேகத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. எழுதி வைத்துப் பார்க்க வேண்டிய தேவை இங்கிருந்துதான் வருகிறது.

நிலத்தின் உண்மையான பரப்பு

முதலில் செய்ய வேண்டியது நிலத்தை அளப்பது. பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பிறகு வரும் எல்லாக் கணக்கும் அதனாலேயே பிசகுகிறது. உழவுக்கும் அறுவடைக்கும் ரெலோங் கணக்கில்தான் கூலி பேசப்படுகிறது. அண்டை மாநிலமான கெடாவில் ஒரு ரெலோங் என்பது ஏறக்குறைய 0.29 ஹெக்டர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பினாங்கின் பழைய நில ஆவணங்களில் வரும் ரெலோங்கோ ஏறத்தாழ 1.33 ஏக்கர். இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றின் இரு கரையிலும் உறவும் வேலையும் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிட்டால், 5 டன் விளைச்சல் 9 டன்னாகக்கூடத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் ஹெக்டருக்கு மாற்றி எழுதுங்கள்.

பட்டாவில் உள்ள பரப்பும் பயிர் நிற்கும் பரப்பும் ஒன்றல்ல. வரப்பு, வாய்க்கால், ஓரத்துத் தென்னை, டிராக்டர் இறங்கும் வழி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள இருப்பிடம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வரப்பின் உள்விளிம்பு வழியாக ஒரு சுற்று நடந்தால் போதிய துல்லியம் கிடைக்கும். மிகச் சிறிய கட்டத்துக்கு அளவு நாடாவே நம்பகமானது.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு வேலைக்கும் நாள், பொருள், அளவு, விலை, ஆட்களின் எண்ணிக்கை, எவ்வளவு நேரம் என்பவற்றை அன்றன்றே எழுத வேண்டும். "உரம் போட்டோம்" என்று எழுதினால் பயனில்லை. எந்த உரம், எத்தனை கிலோ, விதைத்த எத்தனையாவது நாள், வயலில் அப்போது தண்ணீர் நின்றதா என்பது வரை வேண்டும். பருவம் முடிந்த பின் நினைவிலிருந்து எழுதுவது கதையாகத்தான் முடியும்.

மானியப் பொருளை எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் சறுக்குகின்றன. கூட்டரசு அரசாங்கத்தின் நெல் உர மானியம் 1979ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. விலையின்றி வந்த பொருளுக்குக் குறிப்பேட்டில் பூஜ்யம் என்று எழுதினால், அது எவ்வளவு வீணானாலும் கணக்கு அதைக் காட்டாது. எனவே இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கைக்கணக்கு: நீங்கள் உண்மையில் கொடுத்த பணம். மற்றொன்று முழு விலைக் கணக்கு: அதே பொருளைக் கடையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும். உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பருவம் என்ன மிஞ்சியது என்பதை முதல் பத்தி சொல்லும். வயல் உண்மையில் தன் காலில் நிற்கிறதா என்பதை இரண்டாம் பத்தி சொல்லும். நெல்லின் பக்கமும் அப்படியே. ஆலை கொடுத்த விலையைத் தனியாகவும், அரசு டன் கணக்கில் தரும் விலை மானியத்தைத் தனியாகவும் எழுதுங்கள்.

சொந்த உழைப்புக்குக் கூலி எழுதத் தயங்க வேண்டாம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கணக்கையே விட்டுவிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பழமொழி கணக்குப் பார்க்காதே என்று சொல்வதாகத் தோன்றவில்லை. உழக்கு எங்கே போயிற்று என்று தேடச் சொல்வதாகவே தோன்றுகிறது. தந்தை, மகன், மனைவி யார் வயலில் இறங்கினாலும் அந்த நேரத்தை அந்த ஊரில் வழங்கும் நாள் கூலியில் எழுதுங்கள். பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகக்கூடிய மகன் வயலில் செலவிடும் நாளுக்கு ஒரு விலை உண்டு.

விளைச்சலை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

வயலிலிருந்து லாரியில் ஏறும் நெல்லில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். மழை பெய்த மறுநாள் அறுத்த நெல்லையும் வெயிலில் நின்று அறுத்த நெல்லையும் அப்படியே ஒப்பிட்டால், தண்ணீரை விளைச்சலாக எண்ணியதாகிவிடும். அதனால் எல்லா எடையையும் 14 விழுக்காடு ஈரத்துக்கு மாற்ற வேண்டும். முறை எளிது: நூறிலிருந்து ஈர விழுக்காட்டைக் கழித்து, எடையால் பெருக்கி, 86ஆல் வகுக்க வேண்டும். 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல், 14 விழுக்காட்டில் ஏறக்குறைய 907 கிலோ.

இதே கணக்கு ஆலையின் எடைக் கழிவைச் சரிபார்க்கவும் உதவும். 22 விழுக்காடு ஈரத்துக்கு நியாயமாகக் கழிய வேண்டியது 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். 25 விழுக்காடு ஈரமானால் ஏறத்தாழ 13. சீட்டில் 18 என்று எழுதியிருந்தால், மீதிக் கழிவு பதருக்கும் தூசிக்கும் களைவிதைக்கும் சேர்த்தது என்று பொருள். அது சரிதானா என்று பார்க்க, லாரியில் ஏறும் முன் பல இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒரு கிலோ மாதிரி சேர்த்து, முறத்தில் புடைத்து, பதரையும் குப்பையையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோவில் 40 கிராம் வந்தால் 4 விழுக்காடு. ஈரம் காட்டும் கைக்கருவி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக்கொண்டால் அது இரண்டு பருவத்துக்குள் தன் விலையை ஈட்டிவிடும் என்பது என் கணிப்பு. ஆலையோடு சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2025இல் நெல்லின் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகு, கழிவில் ஏறும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் டன்னுக்கு 15 ரிங்கிட் போகிறது. அது பதரால் போகிறதா, ஈரத்தால் போகிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த பருவம் அதைக் குறைக்க வழி தேடலாம். பதர் மிகுதியென்றால் பூக்கும் காலத்தில் ஏதோ தவறியிருக்கிறது, அல்லது அறுவடை இயந்திரத்தின் காற்றாடி சரியாக வைக்கப்படவில்லை.

கடைசி மூட்டை உரத்தைச் சோதித்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அதிகமாக வீணாகும் வளங்களில் ஒன்று தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆசியாவின் பாசன நெல் வயல்களில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மிச்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, வாய்க்காலில் வடிகிறது, சேற்றில் வேறு வாயுவாக மாறுகிறது.

வயலில் சராசரியாகத் தெரியும் ஓர் ஓரத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் ஒன்றைச் சிறு வரப்பு கட்டிப் பிரியுங்கள். அதற்குள் தழைச்சத்து உரம் எதுவும் இடக்கூடாது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வழக்கம்போல் இடலாம். தண்ணீர் வழியாக உரம் உள்ளே வராமல் வரப்பு உறுதியாக இருக்க வேண்டும். அறுவடைக்கு முன் அந்தக் கட்டத்தின் நடுவிலும் வழக்கமான வயலிலும் ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து அறுத்து, அடித்து, ஈரத்தைச் சரிசெய்து எடை போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 500 கிராம் என்றால் ஹெக்டருக்கு 5 டன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். உரமில்லாக் கட்டம் ஹெக்டருக்கு 3.4 டன், வழக்கமான வயல் 5 டன், இட்ட தழைச்சத்து 100 கிலோ. கூடுதலாக வந்த 1,600 கிலோவை 100ஆல் வகுத்தால், ஒரு கிலோ தழைச்சத்துக்கு 16 கிலோ நெல். நன்கு பேணப்படும் வயல்களில் இது 20க்கு மேல், 25 வரை போகும். 10க்கும் 15க்கும் இடையே நிற்பது ஆசிய விவசாயிகளிடம் சாதாரணம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது என்பதால், 100 கிலோ தழைச்சத்து என்பது யூரியாவாகவே இட்டால் ஏறக்குறைய 217 கிலோ.

ஆனால் சராசரி 16 என்பது நம்மை ஏமாற்றக்கூடும். முதலில் இட்ட உரம் அதிகம் தரும், கடைசியில் இட்டது குறைவாகத் தரும். ஆகவே வயலின் இன்னொரு பக்கத்தில் ஒரு பட்டையை விட்டு, அதில் கடைசித் தவணை 20 கிலோ தழைச்சத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அந்தப் பட்டை ஹெக்டருக்கு 4.85 டன் தந்தால், கடைசி 20 கிலோ கொண்டுவந்தது 150 கிலோ நெல், அதாவது கிலோவுக்கு ஏழரை. அறுவடை, லாரிக் கூலி போக ஒரு கிலோ நெல் 1 ரிங்கிட் 30 சென் தருவதாகக் கொண்டால், வரவு 195 ரிங்கிட். அந்த 20 கிலோவுக்கான 43 கிலோ யூரியா கிலோ 3 ரிங்கிட் என்றும், தூவும் கூலி 20 ரிங்கிட் என்றும் வைத்தால், செலவு 150 ரிங்கிட்டை ஒட்டி வரும். வரவைச் செலவால் வகுத்தால் 1.3.

இந்த விகிதம் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்; ஒன்றுக்குக் கீழே இருந்தால் தேவைக்கு மேல் போடுகிறீர்கள்; ஒன்றை ஒட்டி இருந்தால் அளவு சரி. ஆய்வுக் கட்டுரைகளில் எல்லை உற்பத்தி மதிப்புக்கும் எல்லைச் செலவுக்கும் உள்ள விகிதம் என்று வருவது இதுதான். மழை, பூச்சி, விலை ஆகியவற்றின் நிச்சயமின்மையை எண்ணி, கடன் வாங்கி உரம் வாங்குபவர் விகிதம் ஒன்றரைக்கு மேல் இருந்தால் மட்டும் கூட்டுவது நல்லது. கைக்கணக்கில் மானிய உரத்துக்குச் செலவு தூவும் கூலி மட்டுமே என்பதால் விகிதம் எப்போதும் பெரிதாகத் தெரியும். முழு விலைக் கணக்கில் அது ஒன்றுக்குக் கீழே விழுந்தால், மானியம் இல்லாவிட்டால் நீங்கள் அந்த மூட்டையை வாங்கியிருக்கவே மாட்டீர்கள் என்று பொருள். அளவுக்கு மீறிய தழைச்சத்து பயிரைச் சாய்க்கும், புகையான் பூச்சியையும் குலைநோயையும் வரவேற்கும். அந்த இழப்பு உரச் செலவு என்ற தலைப்பில் எங்கும் பதிவாவதில்லை.

எச்சரிக்கை ஒன்று. ஒரு வயலுக்குள்ளேயே ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 150 கிலோவுக்கு மேல் வேறுபாடு இயல்பாகவே இருக்கும். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று சட்டம் அறுத்துவிட்டு முடிவெடுப்பது சூதாட்டம். ஒவ்வொரு பட்டையிலும் பத்துக்குக் குறையாத இடங்களில் அறுங்கள். இரண்டு மூன்று பருவம் தொடருங்கள். அண்டை வயல்காரர்கள் மூவர் இதே சோதனையைச் செய்தால் முடிவு விரைவாகத் தெளியும்.

அளவைக் குறைக்காமலே பலனைக் கூட்டவும் வழி உண்டு. யூரியாவை நின்ற தண்ணீரில், வெயிலில் தூவுவதே மிகப் பெரிய இழப்பு. தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்போது தூவி, பிறகு மெல்லத் தண்ணீர் கட்டினால் சத்து மண்ணுக்குள் இறங்கும். தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் தொடக்கத்திலும் பயிருக்குப் பசி அதிகம். பூத்த பிறகு இடுவதால் பெரும்பயன் இல்லை. இலையின் பச்சையைக் கொண்டு தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை கிடைத்தால், காலை நேரத்தில் உங்கள் நிழல் விழும்படி நின்று, முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான இலைகள் குறிப்பிட்ட நிறத்துக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் உரம் இடுங்கள்.

வைக்கோலைக் கொளுத்துவதும் ஒரு வகை உர இழப்புதான். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி தானியத்தில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போய்விடுகிறது. சாம்பல்சத்தோ இயந்திரம் குவித்த வரிசையில் மட்டும் தங்கிவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி இருந்தால் மடக்கி உழுவதே மேல்.

விதையும் மருந்தும்

நேரடி விதைப்பில் பலரும் பயத்தால் கூடுதலாக விதைக்கிறார்கள்: நத்தை தின்னும், குருவி எடுக்கும், தண்ணீரில் அழுகும் என்ற பயம். ஆயிரம் நெல்மணி 26 கிராம் என்று கொண்டால், ஹெக்டருக்கு 150 கிலோ விதை என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 580 விதை. 200 கிலோ என்றால் 770. நல்ல விளைச்சலுக்குச் சதுர மீட்டருக்கு 400ஐ ஒட்டிய கதிர்கள் போதும். அதிலும் ஒவ்வொரு செடியும் தூர் கட்டக்கூடியது. நெரிசலான பயிரில் காற்று புகாது, தண்டு மெலியும், நோய் விரைந்து பரவும். விதைத்த இரண்டு வாரத்தில் சட்டம் வைத்து நாற்றுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை தேவைக்கு மேல் இருந்தால் அடுத்த பருவம் ஹெக்டருக்கு 20 கிலோ குறைத்துப் பாருங்கள். தேவைக்குக் கீழே இருந்தால் விதையைக் கூட்டுவதற்கு முன், நிலம் சமமாக இருந்ததா என்று பாருங்கள். மேடு பள்ளம் 5 செ.மீட்டருக்குள் அடங்கினால் நத்தைக்கும் களைக்கும் இடம் குறையும்.

விதையின் தரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இங்கே நாம் பாடி ஆங்கின் என்று சொல்லும் களைநெல், மலேசியாவில் 1980களின் இறுதியில் சிலாங்கூர் மாநிலத்தின் செகிஞ்சான் வயல்களில் முதலில் பதிவானது. கலப்பட விதையும் வயலுக்கு வயல் போகும் அறுவடை இயந்திரமும் அதை எல்லா மாநிலத்துக்கும் கொண்டுசென்றன. 2010இல் வெளிவந்த, களைக்கொல்லியைத் தாங்கும் கிளியர்ஃபீல்டு நெல் ரகங்கள் அதை அடக்க உதவின. ஆனால் ஒரே களைக்கொல்லியை இடைவிடாமல் பயன்படுத்திய இடங்களில் எதிர்ப்புத் திறன் பெற்ற களைநெல் திரும்பி வந்துவிட்டது.

பூச்சிமருந்தை உரத்தைப் போலச் சோதிக்க முடியாது. அது விளைச்சலைக் கூட்டுவதில்லை, இழப்பைத் தடுக்கிறது. பூச்சி இல்லாதபோது தெளித்த மருந்தின் பலன் பூஜ்யம், சிலந்திகளைக் கொன்றுவிட்டால் பூஜ்யத்துக்கும் கீழே. முதல் 40 நாள்களில் இலை கடிக்கும் புழுவுக்காகத் தெளிப்பது பெரும்பாலும் வீண் என்பதை 1990களில் வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்தில் விவசாயிகளே தங்கள் வயலில் தெளிக்காமல் விட்டுச் சோதித்துக் கண்டார்கள். தெளிப்பதற்கு முன் எத்தனை செடியில் எத்தனை பூச்சி என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் ஒன்றே பாதித் தெளிப்பை நிறுத்திவிடும்.

தண்ணீர்

தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் விலை இல்லாததால் அதன் விகிதத்தை ரிங்கிட்டில் போட இயலாது. ஆனாலும் அது இலவசமல்ல. செபராங் பிறை வயல்களுக்கு வரும் மூடா ஆற்றிலிருந்துதான் பினாங்கின் குடிநீரில் பெரும்பங்கும் எடுக்கப்படுகிறது. வறண்ட மாதங்களில் ஆறு இறங்கும்போது, வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கும் ஜார்ஜ் டவுனின் குழாய்க்கும் ஒரே தண்ணீர் போதாமல் போகிறது. ஒரு கிலோ நெல்லுக்கு மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் செலவாகிறது என்பது அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீடு.

வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு 30 செ.மீ நீளமும் 10 முதல் 15 செ.மீ அகலமும் உள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அதன் மேல்பாதி வெளியே தெரியும்படி வயலில் புதைத்து, உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ கீழே இறங்கிய பிறகே மறுபடி 5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வருகிறது. நீங்கள் வேண்டும் நாளில் வராமல் போகலாம். பம்பு வைத்திருப்பவருக்கே முழுப்பலன். மற்றவர்கள் அண்டை வயல்களோடு பேசி ஒரே மடைக்குக் கீழே உள்ள எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் நடக்கும். பம்புக்கு ஊற்றிய டீசலையாவது தவறாமல் எழுதுங்கள்.

அறுவடையில் சிந்துவது

வாடகை அறுவடை இயந்திரம் போன பின், அது உதிர்த்த வைக்கோலை விலக்கி, ஒரு சதுர மீட்டர் சட்டத்துக்குள் கிடக்கும் நெல்மணிகளை எண்ணுங்கள். பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஆயிரம் மணி 25 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு 100 மணி என்பது ஹெக்டருக்கு 25 கிலோ. 1,000 மணி என்பது 250 கிலோ, அதாவது 1,500 ரிங்கிட் விலையில் 375 ரிங்கிட். இயந்திரம் வரும் முன்பே உதிர்ந்து கிடந்ததைத் தனியாக எண்ணிக் கழித்துவிட வேண்டும். இழப்பு மிகுதியென்றால் ஓட்டுநரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். ரெலோங் கணக்கில் கூலி பேசும்போது ஓட்டுநர் விரைவாக ஓட்டத்தான் விரும்புவார். வயலோரத்தில் நீங்கள் சட்டத்தோடு நிற்பது தெரிந்தாலே அந்த வேகம் கொஞ்சம் குறையும்.

சிறு நிலத்தில் ஹெக்டருக்கு விளைச்சல் அதிகம் என்று 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கணக்கெடுப்புகளைக் கொண்டு அமர்த்தியா சென் சுட்டிக்காட்டினார். குடும்ப உழைப்பு அங்கே தாராளமாக வயலில் இறங்கியது அதற்குக் காரணம். உழவும் அறுவடையும் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் நம் ஊரில் அந்தச் சாதகம் இல்லை. ஒரு ஹெக்டர்காரர் இயந்திர வரிசையில் கடைசியில் நிற்கிறார். முற்றிய கதிர் ஒரு வாரம் நின்று உதிர்கிறது. இந்த இழப்பைக் கைப்பக்குவத்தால் சரிசெய்ய முடியாது. அண்டை வயல்களோடு ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே இயந்திரத்தை மொத்தமாகப் பேசி எடுப்பதே வழி. எலி, குருவி, புகையான் ஆகியவற்றின் சேதமும் அதனால் ஒரு வயலில் குவியாமல் பரவிக் குறையும்.

யாரோடு ஒப்பிடுவது

தொழில்நுட்பத் திறன் என்பது ஒப்பீட்டில்தான் தெரியும். உயர் விளைச்சலுக்குப் பேர்போன செகிஞ்சானைச் சொல்லி நம்மை நாமே நொந்துகொள்வதில் பயனில்லை. அங்குள்ள மண், வடிகால், நீர் ஒழுங்கு வேறு. நாட்டுச் சராசரியான ஹெக்டருக்கு 4 டன் என்ற எண்ணும் மானாவாரி வயல்களையும் பெரும் பாசனத் திட்டங்களையும் சேர்த்துப் போட்டது. ஒரே வாய்க்காலில் நீர் பெறும், ஒரே வகை மண்ணுள்ள ஏழெட்டுப் பேரின் குறிப்பேடுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஹெக்டருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து, எத்தனை கிலோ விதை, எத்தனை தெளிப்பு, எத்தனை மணி நேர உழைப்பு என்று வரிசையாக எழுதி, எதிரே 14 விழுக்காடு ஈரத்தில் விளைச்சலை எழுதுங்கள். உங்களைவிட எல்லாவற்றிலும் குறைவாகச் செலவிட்டு உங்களைவிட அதிகம் எடுத்தவர் ஒருவர் இருந்தால், அவர் வயலுக்குப் போய்ப் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் உங்கள் கைப்பக்குவம் அந்த வட்டத்தில் எல்லையில் நிற்கிறது. மேலும் முன்னேற ரகத்தை மாற்ற வேண்டும், அல்லது நிலத்தைச் சமப்படுத்த வேண்டும். கெப்பாலா பத்தாஸுக்கு அருகே மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் செபராங் பிறை நிலையம் இருப்பது இங்கே நமக்கு வாய்த்த வசதி. மண் சோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் அங்குக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முதன்மைப் பருவத்தையும் இடைப்பருவத்தையும் கலக்காதீர்கள். வெயிலும் மழையும் மாறுபடுவதால் ஒரே உழைப்புக்கு இரண்டிலும் விளைச்சல் வேறு. சென்ற ஆண்டின் இடைப்பருவத்தை இந்த ஆண்டின் இடைப்பருவத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

குத்தகையில் பயிர் செய்வோர் கடைசியாக ஒரு கணக்குப் போடலாம். நெல் வருமானத்திலிருந்து விதை, உரம், மருந்து, உழவு, அறுவடை ஆகியவற்றைக் கைக்கணக்கிலும், சொந்த உழைப்பை ஊர்க் கூலியிலும் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த நிலம் தாங்கக்கூடிய அதிகபட்சக் குத்தகை. குறைந்தது நான்கு பருவங்களின் சராசரியை எடுங்கள். ஒரு நல்ல பருவத்தின் எண்ணைக் காட்டி நிலக்காரர் உயர்த்துவதும், ஒரு மோசமான பருவத்தைக் காட்டிக் குத்தகைதாரர் குறைப்பதும் இரண்டுமே நிலைக்காது. விலை மானியம் யாருக்குச் சேரும், மடை பழுதானால் செலவு யாருடையது, பரப்பு எந்த ரெலோங் கணக்கில் என்பவற்றை விதைப்புக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.